சிள்வீடும் பாலைநிலமும்

சங்கத் தொகைநூல்களிற் பாலைத்திணை பாடிய புலவர், கானத்து வெம்மையைப் புலப்படுத்தற்குக் கருவியாகக் கொண்ட உயிர்கள் பல. நீர் பெறாது வருந்தும் யானை, செந்நாய், பருந்து, ஓந்தி என்பன அவற்றுள் யாவரும் அறிந்தவை. இவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கதாயினும் ஆராய்ச்சியாளர் கருத்திற் பெரிதும் படாது போயது சிள்வீடு என்னும் சிற்றுயிர் ஆகும். உரைகளும் அகராதிகளும் இதனை ஒருவகை வண்டு என்றோ, சிள்வண்டு என்றோ கூறி அமைந்தன. அங்ஙனம் அமைதலால் நேர்ந்த இழப்பு ஒரு பூச்சியின் பெயரளவில் நிற்பதாயின் அதனைப் பொருட்படுத்த வேண்டுவதில்லை. ஆனால், சிள்வீடு இன்னது எனத் தெளிந்தால், பாலை என்பது எத்தகைய நிலம் என்னும் நெடுங்கால வினாவிற்கும் ஒரு சான்று கிடைக்கின்றது. அதனை எடுத்துக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லாராய்ச்சியை ஒரு நிலத்தோடு பொருத்திக் காணுதல் நலம் ஆதலின், தொண்டைநாட்டின் ஒரு பகுதியை நிலைக்களனாகக் கொள்கின்றோம். திருவண்ணாமலை மாவட்டத்து வந்தவாசி வட்டத்தில் உள்ளது தேசூர் என்னும் பேரூர். மூன்றாம் நந்திவர்மனுக்குத் தெள்ளாறு எறிந்தவன் என்னும் சிறப்புப் பெயரைத் தந்த தெள்ளாறு இதற்கு அணித்தே உளது. பட்டு நெசவால் பெயர்பெற்ற ஆரணி வட்டாரத்தோடு இணைத்தே மக்கள் இவ்வூரை எண்ணுவர். மேற்கே சவ்வாது மலைத்தொடர். அங்கே தோன்றி வரும் சேயாறு. இடையே வெம்பிய பாறைக் குன்றுகளும், அவற்றின் அடியில் ஏரிகளும், ஏரிக்கு மேலே முட்செடியும் குறுமரமும் விரவிய மேட்டு நிலங்களும் உள்ளன. மழை பெய்த திங்களிற் பசுமை போர்த்து, பங்குனி சித்திரையில் இலையுதிர்ந்து வெறுங்கொம்பாய் நிற்கும் இம்மேட்டு நிலமே நம் ஆராய்ச்சிக்கு உரியது. பட்டுநூலாற் பிழைக்கும் நாட்டில், பூச்சி என்றவுடன் பட்டுப்புழுவையே நினைத்தல் இயல்பு. அதன் அயலே மரப்பட்டையில் வாழும் மற்றொரு பூச்சியை நினைப்பார் அரியர்.

இனிச் சான்றுகளை நோக்குவாம். நான்கினை மட்டும் எடுத்துக்கொள்கின்றோம். அகநானூற்றில் இரண்டு: மதுரைக் காஞ்சிப் புலவர் பாடிய 89ஆம் பாட்டும், கயமனார் பாடிய 145ஆம் பாட்டும். நற்றிணையில் ஒன்று: அம்மெய்யன் நாகனார் பாடிய 252ஆம் பாட்டு. பதிற்றுப்பத்தில் ஒன்று: பல்யானைச் செல்கெழு குட்டுவனைப் பாலைக் கௌதமனார் பாடிய மூன்றாம் பத்தின்கண் உள்ள 23ஆம் பாட்டு. அகநானூற்றில் ஒற்றைப்படை எண் பெற்ற பாட்டுக்கள் எல்லாம் பாலைத்திணைக்கு உரியவை என்பது அத்தொகையின் அமைப்பு. ஆகவே, முதல் இரண்டும் பாலை என்பது எண்ணாலேயே விளங்கும். நற்றிணைப் பாட்டும் பொருள்வயிற் பிரிவு பற்றியது. பதிற்றுப்பத்தோ புறப்பாட்டு, அதன்கண் பூச்சியின் பெயர் சிதடி என வருகின்றது. சிதடியும் சிள்வீடும் ஒன்றே என்பது உரைவழக்கு. பாட்டின் செய்தியும் அதற்கு இயையவே உளது.

89ஆம் பாட்டில் ஞாயிறு வானத்து நடுவே நின்று காய்கின்றது. மழை வறந்த அகன்ற வெளி. சிறிய இலையினையுடைய வேலமரத்திலே சிள்வீடு ஒலிக்கின்றது. வேலத்தின் முற்றிய நெற்றுக்கள் உதிர்கின்றன. நிலம் உவர்பட்ட களர். 145ஆம் பாட்டில் மரம் வேரொடும் உலர்ந்து, அடிமரம் உட்டுளை பட்டு நிற்கின்றது. அதன்கண் இருந்து சிள்வீடு எழுப்பும் ஒலி தேரிற் கட்டிய மணியின் ஒலியோடு உவமிக்கப்படுகின்றது. நற்றிணையில் அது உயர்ந்து நின்ற ஓமை மரத்தின் உலர்ந்த கிளையில் ஒடுங்கி இருந்து ஒலிக்கின்றது. பதிற்றுப்பத்திலோ தலை காய்ந்த உன்ன மரத்தின் கவட்டிற் பொருந்தியிருந்து சிதடி கரைய, நிலம் பசுமை அற்றுப் பெருவறம் மிகுகின்றது. அத்தகைய காலத்தும் சேரனது கொடை குன்றாது என்பது புலவர் கருத்து. உன்னம் போர்க்கு நிமித்தம் காணும் மரம் என்பதும், தொல்காப்பியர் புறத்திணையில் உன்னநிலை கூறுவர் என்பதும் ஈண்டு நினைவு கூரத்தக்கன.

இந்நான்கு பாட்டும் வெவ்வேறு புலவர் வாயிற் பிறந்தவை. எனினும், அவை ஒருங்கே கூறும் செய்திகள் வியப்புத் தருவன. பூச்சி இருப்பது மரத்தின்மேல். தரையில் அன்று, வளையில் அன்று, சுவரில் அன்று. காலம் வேனில். பொழுது கூறப்பட்ட இடத்து அது நண்பகல். ஒலி இடையறாத மணியொலி. இவற்றுள் ஒன்றேனும் சுவர்க்கோழி எனப்படும் பூச்சிக்குப் பொருந்துமோ எனின், பொருந்தாது. சுவர்க்கோழி இரவிற் பாடுவது; கல்லிடுக்கிலும் மண்வளையிலும் வீட்டு மூலையிலும் வாழ்வது; ஈரம் விரும்புவது; சிறகோடு சிறகு உரைசி ஒலி எழுப்புவது. நண்பகல் வெயிலில், உயர்ந்த மரக்கிளையில் இருந்து காடு அதிரப் பாடும் பூச்சி ஒன்றே உளது. அதனை மேனாட்டார் சிகாடா என்ப. சங்கப் புலவர் கூறிய சிள்வீடு அதுவே என்பதில் நமக்கு ஐயம் இல்லை.

'ஒடுங்கி' என்னும் ஒரு சொல்லே போதிய சான்றாகும். சிகாடாக்களில் பிளாட்டிப்ளூரா என்னும் பேரினம் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்வது. அதன் ஓர் இனத்தை ஒலிவியே என்னும் பிரெஞ்சு அறிஞர் 1790ஆம் ஆண்டிலேயே விளக்கிப் பெயரிட்டனர். குறுகிய தடித்த உடலும், மரப்பட்டையின் நிறமும் புள்ளியும் அமைந்த முன்சிறகும் உடையது இப்பேரினம். கிளையோடு ஒட்டி அமர்ந்தக்கால் ஒரு முழத்தில் நிற்பார்க்கும் கண்ணுக்குப் புலனாகாது. ஒலியோ நெடுந்தொலைவு கேட்கும். ஒலியைக் கேட்டு மரத்தை அண்ணாந்து நோக்கி, பூச்சியைக் காணாது, பின்னர்க் கண்டவனே 'ஒடுங்கி' என்று பாட இயலும். பிற்கால உரைகாரர் ஏட்டிற் கண்ட சொல்லுக்கு ஏட்டிலேயே பொருள் தேடினர்; அம்மெய்யன் நாகனார் மரத்திற் கண்டார்.

வண்டு என்று கூறுதலும் பொருந்தாது. வண்டு என்பது தேன் உண்ணும் அளியினத்தையோ, வன்சிறகு மூடிய பொறிவண்டு முதலியவற்றையோ குறிக்கும். சிள்வீடு அவ்விரண்டு குலத்தையும் சார்ந்தது அன்று. பயிரின் சாற்றை உறிஞ்சும் அசுவினி, தத்துப்பூச்சி, மூட்டுப்பூச்சி என்பவற்றின் குலத்தைச் சார்ந்தது. கடிக்கும் வாய் அதற்கு இல்லை. மரத்தினுட் செலுத்தி நீர் உறிஞ்சும் ஊசி போன்ற வாயே உண்டு. தலையின் இருபாலும் புடைத்த பெருங்கண் இரண்டும், அவற்றிடையே மணி பதித்தாற் போன்ற சிறுகண் மூன்றும் ஆக ஐந்து கண் உடையது. சிதடு என்னும் சொல் குருடு எனவும் பொருள்படும் ஆதலின், சிதடி என்னும் பெயரைக் குருட்டுப் பூச்சி என விரித்தல் எளிது. ஆயின், ஐந்து கண்ணுடைய உயிர் அதற்கு இடம் தருவதில்லை.

பெயரின் வரலாற்றை இனிச் சிறிது ஆராய்வாம். சிள் என்பது ஒலிக்குறிப்பு என்பது வெளிப்படை. வீடு என்பதனை மனை எனக் கொள்ளுதல் பொருந்தாது. விடு என்னும் முதனிலை நீண்டு வீடு எனத் தொழிற்பெயர் ஆதல், படு என்பது பாடு எனவும் கெடு என்பது கேடு எனவும் ஆதலை ஒக்கும். சிள் என்னும் ஒலியை விடுதலை உடையது சிள்வீடு என்பது எம் கருத்து. தமிழில் இச்சொல் வழக்கிறந்தது. சில்வண்டு, சிள்வண்டு என்னும் பெயர்கள் அதன் இடத்தை ஏற்றன. அவையோ இரவில் ஒலிக்கும் சுவர்க்கோழிக்கும் பகலில் ஒலிக்கும் சிள்வீட்டிற்கும் பொதுவாய் நின்று மயக்கம் தருகின்றன. மலையாளத்தில் இச்சொல் இறவாது சீவீடு என்னும் வடிவில் இன்றும் மக்கள் நாவில் வழங்குகின்றது. ளகரம் கெட்டு, அதற்கு ஈடாக முன்நின்ற உயிர் நீண்டது. சேரநாட்டில் வாழ்ந்த சொல்லைச் சேரர் பாடல் தொகுதியோடு ஒருங்கு வைத்துப் படித்தல் தமிழாராய்ச்சியாளர்க்குக் கடமை. வடமொழியில் ஜில்லிகா என்னும் பெயர் உண்டு. வால்மீகி தாடகை வனத்தை வருணிக்கும் இடத்து அதனைக் கூறுவர். சிள், ஜில் என்னும் ஒப்புமை பற்றி ஒன்று மற்றொன்றிற் கடன்கொண்டது என வழக்காடுதல் வீண் முயற்சி. பூச்சி இரு நாட்டிலும் ஒரே ஒலியைத்தான் எழுப்பிற்று.

ஈண்டு ஒரு தடை எழும். சிள்வீடு மரத்தின் உள்ளே ஓடும் நீரை உறிஞ்சி வாழ்வது என்றோம். புலவரோ அதனை உலர்ந்த ஓமையிலும், தலை காய்ந்த உன்னத்திலும், வேர் முழுதும் வற்றிய புழல் மரத்திலும் அமர்த்தினர். உணவு இல்லாத மரத்தில் அஃது யாங்ஙனம் வாழும்? புலவர் வெம்மையை மிகுத்துக் காட்டக் கற்பனையாற் பாடினர் எனக் கூறித் தப்புதல் எளிது. அங்ஙனம் கூறுதல் தகாது என்பதனை அப்பூச்சியின் வாழ்க்கை காட்டும்.

பெண்பூச்சி இளங்கொம்பின் பட்டையைக் கீறி அதன்கண் முட்டை இடுகின்றது. பொரித்த குஞ்சு தரையில் வீழ்ந்து மண்ணைத் துளைத்து உட்புகுகின்றது. மண்ணினுள்ளே மர வேர்களைப் பற்றி, அவற்றின் நீரை உறிஞ்சி, இனத்திற்கு ஏற்ப ஆண்டுகள் பல வாழ்கின்றது. வடஅமெரிக்காவின் ஓர் பேரினத்தில் அவ்வாழ்க்கை 13 ஆண்டும் 17 ஆண்டும் ஆகும்; 1803ஆம் ஆண்டிற்குப் பின் 2024ஆம் ஆண்டிலேதான் அவற்றுள் இரண்டு பெருங்கூட்டங்கள் ஒருங்கே மண்ணினின்று வெளிவந்தன. வளர்ச்சி முற்றியபின் பூச்சி மண்ணைத் திறந்து வெளிப்பட்டு, மரத்தில் ஏறி, முதுகு பிளந்து, பழந்தோலை அப்பட்டையிலேயே விட்டு நீங்குகின்றது. சிறகு பெற்றபின் அது வாழ்வது சில கிழமைகளே. பாடுவது ஆண் மட்டுமே. அதன் வயிற்றின் அடியில் இருபாலும் முரசின் தோல் போன்ற சவ்வு உண்டு; தசை அதனை இழுத்து விட, அது நொடிக்குப் பன்முறை மடிந்து நிமிர்ந்து ஒலிக்கின்றது; வயிற்றின் பெரும்பகுதி வெறுங்கூடாய் இருந்து அவ்வொலியைப் பெருக்குகின்றது. அண்மையில் நின்று அளந்தால் சில இனங்களின் ஒலி 100 டெசிபெலைக் கடக்கும்.

பாடுமிடமும் உண்ணுமிடமும் ஒன்றாதல் வேண்டும் என்பது இல்லை. இலை செறிந்த கிளையினும் வெறுங்கொம்பிலிருந்தே ஒலி தடையின்றிப் பரவும். ஆதலின், காய்ந்த மரத்திற் சிள்வீடு பாடிற்று என்றது இயற்கைக்கு மாறு அன்று. ஆனால், அம்மரத்தைச் சுற்றி உயிருள்ள வேர்கள் இருந்தே தீர்தல் வேண்டும். அவை அப்பூச்சி பாடிய ஆண்டில் மட்டும் அன்றிப் பல ஆண்டு முன்னரும் அசைவின்றி இருந்திருத்தல் வேண்டும். வேனிலிற் கேட்கும் ஒவ்வொரு சிள்வீட்டொலியும், அந்நிலம் பல ஆண்டு உழப்படாதும் வேரறுக்கப்படாதும் கிடந்தது என்பதற்குச் சான்று. மேலே தழல் எரிகின்றது. கீழே வேர் வாழ்கின்றது.

பாலைக்கு நிலம் இல்லை, அது புலவர் படைத்துக்கொண்ட மரபே என்று கூறுவார் உளர். தமிழகத்தில் மணற்பாலைவனம் இல்லை என்பதே அவர் கூறும் காரணம். தொல்காப்பியர் நடுவுநிலைத் திணைக்கு நண்பகலும் வேனிலும் கூறினாரேயன்றித் தனிநிலம் கூறிற்றிலர். இளங்கோவடிகள் முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்றனர். இவ்விருவர் கருத்தும் சிள்வீட்டின் வாழ்வோடு எத்துணைப் பொருந்துகின்றது என்பதை நோக்குக. மரமும் வேரும் அற்ற மணற்பரப்பிற் சிள்வீடு வாழாது. சங்கப் புலவரின் பாலை, இலையுதிர் காடும் முட்காடும் வேனிலிற் கொள்ளும் தோற்றம்; மழை பெய்தால் மீண்டும் தளிர்க்கும் காடு. அது கற்பனை நிலம் எனின், பூச்சியும் மரமும் பொழுதும் ஒலியும் நான்கு புலவர் பாட்டில் இங்ஙனம் ஒத்து வருதற்கு இயலாது. ஆங்கிலத்தில் 'பாலைவனம்' என்னும் பொருள்தரும் சொல்லால் பாலையை மொழிபெயர்த்ததன் விளைவாக நம் மாணவர் மணல்மேட்டையும் ஒட்டகத்தையும் நினைக்கின்றனர். தேசூர்க்கு மேற்கேயுள்ள குன்றடியில் சித்திரைத் திங்களில் அரை நாழிகை நடந்தால் அந்நினைவு நீங்கும்.

பிற நாட்டார் இவ்வுயிரை நோக்கிய முறையும் ஒப்பிடத்தக்கது. கிரேக்கர் இதனை மண்ணிற் பிறந்த உயிர் எனக் கொண்டனர். ஏதென்சு நகரத்துப் பழைய முதியோர் பொன்னாற் செய்த சிகாடாவைக் கூந்தலில் அணிந்தனர் எனத் தூசிடிடீசு எழுதியுள்ளார். தாம் பிறவிடத்தினின்று வந்தேறியோர் அல்லர், அம்மண்ணிற்கே உரியோர் என்னும் பெருமிதத்தின் அடையாளம் அது என்பர். சீனத்தில் ஆன் அரசர் காலத்து, இறந்தோர் வாயில் பச்சைக்கல்லாற் செய்த சிகாடாவை வைத்துப் புதைத்தனர். தோல் நீத்து எழும் உயிர் மறுபிறப்பின் குறியாயிற்று. தமிழ்ப் புலவரோ அதன் பிறப்பில் கருத்துச் செலுத்திலர். அதன் ஒலியையே கொண்டனர். பிரிந்து செல்வோன் செவியில் அவ்வொலி தேர்மணி போல் ஒலித்தது. பூச்சியின் செவியைப் பற்றி ஆராய்ந்தவர் பிரான்சு நாட்டு ஃபாபர். அவர் மரங்களின் அடியில் ஊர்த்திருவிழாவிற்கு உரிய வெடிகுழாய் இரண்டை வெடிக்கச் செய்தும் மேலிருந்த சிகாடாக்கள் பாட்டை நிறுத்தவில்லை என எழுதினர். ஃபாபர் அவை செவிடு எனக் கருதினர். பின்வந்தோர் அவற்றிற்குச் செவி உண்டு, தம் இனத்தின் ஒலிக்கு ஏற்ப அமைந்தது எனக் கண்டனர்.

இந்திய நாட்டுச் சிகாடாக்களை முறையாகத் தொகுத்தவர் டிசுடன்ட் என்பவர்; பிரிட்டிசு இந்திய விலங்குத் தொகுதி வரிசையில் அவர் எழுதிய மூன்றாம் தொகுதி 1906இல் வெளிவந்தது. அதற்கு நூறாண்டு கழித்து, 2016இல் வெளிவந்த பட்டியல், இந்தியா, வங்கதேசம், பூட்டான், மியன்மார், நேபாளம், இலங்கை என்னும் நாடுகளில் 281 இனங்களைக் கணக்கிட்டது. அவற்றுள் இந்தியாவிற்கும் வங்கதேசத்திற்கும் உரியவை 189. இலங்கைக்கு உரியவை 22. நிலத்தோடு பிரிவறப் பிணைந்த இனத்திற்கு மேகாலயம் ஓர் எடுத்துக்காட்டுத் தருகின்றது. அம்மாநிலத்து ரிபோய் மாவட்டத்துச் சைடன் என்னும் ஊரின் காட்டில் நான்கு ஆண்டிற்கு ஒருமுறை மண்ணினின்று திரளாக எழும் ஓர் இனத்தை அவ்வூரார் நியாங்டாசெர் என்பர், இரவில் விளக்கொடு சென்று பிடித்து உண்பர், மீன்தூண்டிலுக்கும் இரையாக்குவர். 2006, 2010, 2014, 2018, 2022 ஆகிய ஆண்டுகள் அது எழுந்த ஆண்டுகள். மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கணக்கிட்டு வந்த இவ்வினத்திற்கு, 2013இல்தான் அறிவியலார் கிரெமிசுடிகா ரிபோய் எனப் பெயரிட்டனர். நான்காம் ஆண்டு எழுதற்கு அதற்கு இடையே மூன்று ஆண்டு அம்மண் கலைக்கப்படாது கிடத்தல் வேண்டும்.

ஒலியால் நிலத்தை அறிவது போல ஒலியின்மையாலும் அறியலாம் என்னும் கருத்து நம் அண்டை நாட்டில் ஒரு வரலாற்றையே ஆக்கியது. நீலமலைக்கு மேற்கே, கேரளத்துப் பாலக்காட்டு மாவட்டத்தில், குந்திப்புழை ஓடும் காட்டினை ஆங்கிலர் அமைதிப் பள்ளத்தாக்கு என்னும் பொருளில் சைலண்ட் வேலி என்றனர். மற்றைக் காடுகளிற் செவியைத் துளைக்கும் சீவீட்டின் ஒலி அங்கு இன்மையால் அப்பெயர் வந்தது என்பது பலரும் கூறும் காரணம். சைரந்திரி என்னும் பாஞ்சாலியின் பெயரே ஆங்கிலர் வாயில் திரிந்தது என்பாரும் உளர். குந்திப்புழை என்னும் ஆற்றுப்பெயர் அதற்குத் துணை. பின்னாளில் அங்குச் சென்றோர் சீவீட்டின் ஒலியைக் கேட்டனர் ஆதலின், முதற் காரணம் முழுதும் நிலைபெறுவதாக நமக்குத் தோன்றவில்லை. எனினும், 1970களில் அக்காட்டை அணையால் மூழ்குவிக்க முயன்றபோது எழுந்த எதிர்ப்பில் இப்பெயர்க்கதை நாடெங்கும் பரவிற்று. மனிதர் கைபடாத காடு எனும் எண்ணத்திற்கு ஒரு பூச்சியின் ஒலியின்மையே சின்னமாயிற்று. 1983இல் அணைத்திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பர் 15இல் அது தேசியப் பூங்கா என அறிவிக்கப்பட்டது. மழைக்காட்டிற்கு இத்துணை வழக்கறிஞர் வாய்த்தனர். சிள்வீடு பாடும் வறண்ட காட்டிற்கு அங்ஙனம் வாய்த்திலர்.

இதனைத் தொண்டைநாட்டின் வரலாற்றிற் காணலாம். மலையின் ஓசைகளை யானையின் கடாமாக உருவகித்துப் பெயர் பெற்ற மலைபடுகடாம், செங்கண்மாத்து நன்னனைப் பாடியது. அவன் மலையாகிய நவிரம் இன்றைய பருவதமலை என்பர். சேயாறும் அப்பாட்டில் இடம் பெற்றது. ஓசையாற் பெயர்பெற்ற நாடு பின்னர் விறகாற் பெயர்பெற்றது. 1856 சூலை முதல் நாள் இராயபுரத்தினின்று ஆர்க்காட்டிற்குத் தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே கிளெகார்ன் சென்னை மாகாணத்துக் காடுகளின் முதற் காப்பாளராக அமர்த்தப்பட்டார் என்பது தற்செயல் அன்று. அடிக்கட்டைக்கும் எரிவிறகிற்கும் மரம் வேண்டியிருந்தது. 1882இல் சென்னைக் காட்டுச் சட்டம் வந்தது. மலைக்காடுகளில் ஒரு பகுதி காப்புக்காடு ஆயிற்று. ஊரை அடுத்த முட்காடுகளோ வருவாய்த்துறை ஏட்டில் தரிசு எனவும் புறம்போக்கு எனவும் நின்றன. இந்திய அரசு 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட பயனில் நிலப் படத்தொகுதியிலும் புதர்நிலம் என்பது பயனில் நிலத்தின் ஒரு வகையாகவே இடம்பெற்றது. கயமனாரும் அம்மெய்யன் நாகனாரும் பாடிய நிலத்திற்கு அரசு ஏடு கொடுத்த பெயர் அது. காடு என்று பெயரிட்டிருந்தால் அழிப்பதற்குமுன் ஒருமுறையேனும் எண்ணியிருப்பர்.

அந்நிலத்திற் புகுந்த மற்றொரு மரத்தைக் குறித்தல் வேண்டும். அகநானூற்று 89ஆம் பாட்டின் சிறியிலை வேலத்தைத் தேசூர்ப் பகுதியில் இன்று காட்டுக என்றால், பலர் வேலிகாத்தான் எனப்படும் சீமைக்கருவேலத்தையே காட்டுவர். அஃது அமெரிக்க நாட்டு மரம். 1877ஆம் ஆண்டளவில் விறகின் பொருட்டுச் சென்னை மாகாணத்து வறண்ட மாவட்டங்களிற் புகுத்தப்பட்டது. சங்க காலத்து வேலம் வேறு. உரை எழுதுவோர் இவ்விரண்டையும் மயங்குதல், சிள்வீட்டையும் சுவர்க்கோழியையும் மயங்குதலோடு ஒக்கும். இரண்டிடத்தும் பழம்பெயர் புதுப்பொருளின்மேல் ஏறிப் பழம்பொருளை மறைத்தது. அறிவியற் பாடநூல்களில் சிகாடா என்று எழுதுவோர் சிள்வீடு என்றே எழுதலாம். இரவிற் பாடும் பூச்சிக்குச் சுவர்க்கோழி என்னும் பெயர் உளது. வண்டு என்னும் சொல்லை இரண்டிற்கும் விலக்குதல் நன்று. சங்க நூல்களுக்கு இனி வரும் உரைப்பதிப்புக்களில், சிள்வீடு என்னும் சொல் வருமிடந்தோறும் 'வேனில் நண்பகலில் மரத்திலிருந்து ஒலிக்கும் பூச்சி. மலையாளத்துச் சீவீடு' எனக் குறிப்பு எழுதினால், அப்பாட்டின் மரமும் பொழுதும் நிலமும் ஒருங்கே விளங்கும்.